சிரித்தவர்கள் வாயால்

எந்த மதத்தையும் சாராமல் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் ஐக்கியத்துக்குப் பாதிரியார் கிடையாது. வைத்துக்கொள்ளவே கூடாது என்று நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் முடிவெடுத்தவர் ஹால்வர் நைகார்ட். ஞாயிறு காலை பத்தரைக்கு யாராவது ஒரு வெளியாள் வந்து பேசுவார். தேனீ வளர்ப்பவர், சூஃபிகளைப் போலச் சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டிய கணக்கு வாத்தியார், ஊர்க் கழிவுநீர் நிலையத்தின் பொறியாளர். ஒரு தடவை தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணி துடைப்பத்தோடு வந்து வசந்தத்தை வரவேற்றுவிட்டுப் போனாள். எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். கிண்ண விளக்கை ஏற்றுவோம், இருபது நிமிடம் பேச விடுவோம், காபி கொடுப்போம், பிறகு நாற்பது நிமிடம் கலந்துரையாடல் என்ற பெயரில் அறுப்போம்.

அறுப்பதில் முதல் கத்தி எப்போதும் ஹால்வருடையது. உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். “ஆதாரம் என்ன?” என்று ஆரம்பிப்பார். ஓர் இளம் மெதடிஸ்ட் பெண் பாதிரியார், தன் குழந்தை பிழைத்தது ஜெபத்தால்தான் என்று பேசினாள். “பக்கத்துக் கட்டில்ல இருந்த குழந்தை என்ன ஆச்சு?” என்று கேட்டார் ஹால்வர். அவள் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. அந்த டேப்பில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

டேப் என்று சொன்னேன். எழுதி வைத்த விதிகள் எங்களுக்கு இரண்டுதான். இரண்டும் ஹால்வர் எழுதியவை. கலந்துரையாடலிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் விலக்கு இல்லை. பேசியது எதுவானாலும் பதிவாகும், பதிவானது எதுவும் அழிக்கப்படாது. நாங்கள் கூடும் கட்டடம் முன்பு பல் ஆஸ்பத்திரியாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்த சிற்றறையில் தரையிலிருந்து கூரைவரை கேசட்டுகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நான் வான்கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட். ரத்தமும் கொழுப்பும் படிந்த எந்திரங்களைச் சுடுநீரால் அடித்துக் கழுவும் வேலை. ஞாயிறு விடிந்ததும் குளோரின் வாடையோடு நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுவேன். அதற்கு முன்னால் பாதிரியார் ஆவதற்காக லூத்தரன் செமினரியில் இரண்டரை வருஷம் படித்துப் பாதியில் விட்டவன். நான் வந்த முதல் நாள் காபி அண்டாவுக்குப் பக்கத்தில் ஹால்வர் என்னைப் பிடித்தார்.

“ஏன் விட்டே?”

“நம்பிக்கை போயிடுச்சு.”

“போச்சா? முதல்ல இருந்துச்சா? ஆதாரம் வச்சிருக்கியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவருக்கு நான் ‘அரைப் பாதிரி’.

போன ஜனவரியில், கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து எக்ஸ்ரே அறை வாசலில் நின்றார் ஹால்வர். எண்பத்து நான்கு வயது. கணையத்தில் புற்றுநோய். கோட்டு அவர்மேல் மாட்டிவைத்ததுபோல் தொங்கியது.

“எத்தனை டேப் இருக்கும் இங்க?”

“ஆயிரத்து எழுநூறுக்கு மேல.”

“சுத்தி ஈயச் சுவரு. கடவுள் கதிரு விட்டாக்கூட உள்ள வராதுன்னு ஜோக் அடிப்பேன்.”

“இப்பவும் அடிக்கிறீங்க.”

“எண்பத்திரண்டு ஜனவரியை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். ‘ஜெபம் என்கிற பழக்கம்’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

“கேட்டிருக்கியா?”

“நாலு தடவை. வேலை செய்யறப்ப காதுல மாட்டிக்குவேன்.”

அந்தப் பேச்சின் கடைசி ஒன்பது நிமிடம் அவர் மனைவி இங்காவைப் பற்றியது. இங்கா சாகும்வரை லூத்தரன் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பாதிரியாரைக் கூப்பிடு, அந்த ஜெபத்தை யாராவது என்னோடு சேர்ந்து சொன்னால் போதும் என்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து வயதில் மனப்பாடம் செய்கிற ஜெபம்தான், அரை நிமிடம் ஆகும். அவளே சொல்லியனுப்ப, பாதிரியார் வந்துவிட்டார். ஹால்வர் அறைக் கதவை மறித்து நின்று, “பத்து வார்டு தள்ளி ஒருத்தன் பயத்துல இருக்கான், அவன்கிட்ட வித்துப் பாருங்க,” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் இங்கா இறந்தாள். மூன்று மாதம் கழித்து, பாதிரியாரின் முகம் போன போக்கை அவர் நடித்துக் காட்டி இந்தக் கதையைச் சொன்னார். கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கிறது. பிரிசில்லாவின் சிரிப்பு தனியாகக் கேட்கும், விக்கல்போல. அந்தப் பக்கத்தின் நாடா சிரிப்பின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது.

“இதை அழிச்சுடு,” என்றார் ஹால்வர்.

“விதி இருக்கே.”

“யார் எழுதின விதி?”

“நீங்க.”

சிரிக்கப் பார்த்தார். வலித்தது போலும், அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

“சரி. மறுபக்கம் காலிதானே? நான் ஒரு ஞாயித்துக்கிழமை பேசப்போறேன். அதை இதுலயே மறுபக்கத்துல பதிவு பண்ணு. வேற டேப் வேண்டாம். ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்.”

“என்ன பேசப்போறீங்க?”

“அந்தக் கதவுல நின்னது தப்புன்னு. அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு அவ கேட்ட ஜெபத்தைச் சொல்லணும். நான் செத்தப்புறமும் ஒரு தடவை சொல்லணும்.”

“அதுக்கு லூத்தரன் சர்ச் இருக்கு. நாலு தெரு தள்ளி. போன் போட்டா ஓடி வருவாங்க.”

“அவங்க தினமும்தான் சொல்றாங்க, அதுல என்ன இருக்கு? அன்னிக்கு அவங்க யாரும் சிரிக்கல. சிரிச்சவங்க வாயால வரணும், வெண்டல்.”

அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேச்சாளர் பட்டியல் பிரிசில்லா டக்வொர்த்தின் கையில். பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருந்தவள். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்பாள், பிறகு தான் முதலிலேயே நினைத்ததைச் செய்வாள். மே மாதம்வரை இடமில்லை என்றாள். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு வரவேண்டிய வௌவால் ஆராய்ச்சிக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் ஹால்வருக்கு இடம் கிடைத்தது. அவர் கொடுத்த தலைப்பு ‘கதவு’. பிரிசில்லா அச்சடித்துக் கொண்டுவந்த தாளில் ‘முதுமையில் அர்த்தத் தேடல்: ஒரு நண்பரின் பயணம்’ என்று இருந்தது.

அன்று முப்பத்தொரு பேர். வழக்கம்போல முதலில் ஒவ்வொருவராக வந்து தங்கள் சந்தோஷத்தையோ கவலையையோ சொல்லித் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட்டார்கள். ஒருவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். பிரிசில்லாவின் பூனைக்குச் சிறுநீரகத்தில் அறுவை சிகிச்சை. ஹால்வர் எந்தக் கல்லையும் எடுக்கவில்லை.

பதினொரு நிமிடம்தான் பேசினார். குறிப்பு எதுவும் இல்லை. கதவில் நின்ற கதையைத் திரும்பச் சொன்னார், இந்தத் தடவை நடிக்கவில்லை. பாதிரியார் போனபிறகு இங்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதையும், அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறந்ததையும் சொன்னார். எண்பத்திரண்டில் அந்தப் பகுதியை விட்டுவிட்டிருந்தார்.

“கடவுள் இருக்காரான்னு எனக்கு இப்பவும் தெரியாது,” என்றார். “நான் அதைக் கேக்கல. அவ கேட்டது அரை நிமிஷம். எழுந்து நின்னு என்கூடச் சொல்லுங்க. நம்ப வேண்டாம். சொன்னா போதும்.”

யாரும் எழவில்லை. காபி அண்டா கொதிக்கும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் லைல், ஓய்வுபெற்ற வக்கீல், தன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹால்வர் தனியாகவே ஆரம்பித்தார். இரண்டு வரி சொன்னார். மூன்றாவது வரி வரவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வலி மருந்துக்குப் பாதி ஞாபகம் போய்விடும். உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு அறையின் பின்பக்கம், டேப் பதிவு செய்யும் டெக் வைத்திருந்த மேசையில் என்னைத் தேடினார். அந்த முப்பத்தொரு பேரில் செமினரிக்குப் போனவன் நான் ஒருத்தன். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் குனிந்து பதிவு அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். முள் ஆடவில்லை. நாற்பது விநாடி ஆடவில்லை. பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார்.

காபி குடித்தோம். பிரிசில்லா மணி அடித்தாள். கலந்துரையாடல் ஆரம்பமானது. அவருடைய விதி, நாற்பது நிமிடம், விலக்கு இல்லை.

“மொதல்ல உங்க தைரியத்தைப் பாராட்டணும்,” என்றாள் பிரிசில்லா. “நீங்க பேசினதுல நிறைய வலி இருக்கு, ஹால்வர். ஆனா அந்த ஜெபம் ‘பிதாவே’ன்னு ஆரம்பிக்குது. இங்க அப்பாகிட்ட அடி வாங்கி வளர்ந்தவங்க இருக்காங்க. அவங்களை நாம நினைக்கணும்ல?”

“போன வசந்தத்துல தொடப்பத்தை வணங்கினோமே, பிரிசில்லா.”

“அது உருவகம்.”

லைல் தொண்டையைச் செருமினார். “இதால இங்காவுக்கு ஏதாவது போய்ச் சேருதுங்கறதுக்கு ஆதாரம் என்ன ஹால்வர்?” சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

யாரோ ஒருவர் அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார். மூளையில் எந்தப் பகுதி அதனால் தூண்டப்படுகிறது என்று இன்னொருவர் விளக்கினார். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் ஹால்வர் தலையை ஆட்டி, தன் வழக்கப்படி ஒரு சிறு அட்டையில் கேள்விகளைக் குறித்துக்கொண்டார்.

பதினான்காவது நிமிடத்தில் நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று எனக்குத் தெரியும். நல்ல கேள்வி ஒன்று கிடைத்திருந்தது. நல்ல கேள்வி கிடைத்தால் எங்கள் ஐக்கியத்தில் யாரும் அதை விழுங்குவதில்லை.

“உங்களுக்குச் சாவு பயம்னா நான் ஒத்துக்கறேன்,” என்றேன். “அதுக்கு இங்கா பேரை ஏன் இழுக்கறீங்க? அவங்களுக்கு வேணும்னப்ப கொடுக்கல. இப்ப உங்களுக்கு வேணும்னதும் அவங்க கேட்டாங்கன்னு சொல்றீங்க. ரெண்டு தடவையும் அவங்களை வச்சுத்தான் கூட்டத்தைக் கவர் பண்றீங்க, இல்லையா?”

அறை அமைதியானது. அது பாராட்டு. எனக்குப் பழக்கமான அமைதி.

ஹால்வர் அட்டையில் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“ஆமா,” என்றார்.



அந்த வாரமே, தன் இறுதி நினைவுக் கூட்டத்தில் அந்த ஜெபம் சொல்லப்பட வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஐக்கியத்தில் ‘முடியாது’ என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. குழு அமைப்போம். லைல் ஒரு கருத்துக்கணிப்புத் தாள் தயாரித்தார். ஜெபம் அப்படியே, ‘பிதா’வுக்குப் பதில் ‘உயிரின் ஊற்றே’, ஒரு நிமிட மௌனம், இவை மூன்று. நான்காவதாக, ஜெபத்தை நார்வே மொழியில் சொல்வது. யாருக்கும் புரியாது, ஆகவே யாரும் புண்பட மாட்டார்கள் என்று அடைப்புக்குறிக்குள் விளக்கமும் போட்டிருந்தார். இருபத்தாறு தாள் திரும்பி வந்தது. எதற்கும் பெரும்பான்மை இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

மார்ச் கடைசியில், சாகப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் அவரைப் போய்ப் பார்த்தேன். ஷிஃப்டுக்குப் போகிற வழி. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்தது. முகம் மஞ்சளாக இருந்தது.

“ஓட்டு என்ன ஆச்சு?”

“அடுத்த மாசம் திரும்பப் பேசுறாங்க.”

“அடுத்த மாசம்.” கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

“அரைப் பாதிரி. நீ சொல்லு.”

“எதை?”

“நடிக்காத.”

“சிரிச்சவங்க வாயால வேணும்னீங்க. நான் அன்னிக்கு இல்லவே இல்லையே. அப்ப எனக்குப் பதினோரு வயசு.”

“இப்ப எந்த வாயா இருந்தா என்ன? மூணாவது வரி எனக்கு வரமாட்டேங்குது. ராப்பகலா தேடறேன். அதையாவது சொல்லிட்டுப் போ.”

“நம்பாததை வாயால சொல்றது பொய்னு நீங்கதான் சொன்னீங்க. எழுபத்தாறு அக்டோபர் டேப்.”

“சொன்னேன். மடையன்.”

அந்த வரி என் நாக்கின் நுனியில் இருந்தது. ஏழே சொல். “எனக்கும் மறந்துபோச்சு, ஹால்வர்,” என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடப் பையன்களின் பொய்யைப் பார்த்த கண். பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வந்தாள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து இறந்தார். ஓட்டெடுப்பு நடக்கவில்லை. கேட்டவரே இல்லை என்பதால் தீர்மானம் தானாகக் காலாவதியாகிறது என்றார் லைல்.

நினைவுக் கூட்டத்தைப் பற்றிப் பேச பிரிசில்லாவின் சமையலறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம்.

“அவரைப் பத்தி நாம பேசறதைவிட அவரே பேசட்டும்,” என்றாள் பிரிசில்லா. “அவரோட சொந்தக் குரல்ல. கடைசிச் சிறப்புப் பேச்சாளர் அவரேதான்! எண்பத்திரண்டு டேப்பைப் போடலாம். அந்தக் கதவுக் கதை. என்னா பேச்சு அது!”

“பிப்ரவரியில பேசினதும் இருக்கு,” என்றேன்.

“அது அவர் இல்ல, வெண்டல். அது நோய். நண்பனை அவனோட நல்ல நிலையிலதான் ஞாபகம் வச்சுக்கணும்.”

“எனக்குச் சம்மதம்,” என்றார் லைல்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குழு வழக்கத்தில் ஒருவர் மறுத்தால்கூடப் போதும், தீர்மானம் நின்றுவிடும். நான் தட்டிலிருந்த எலுமிச்சை இனிப்புத் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நூற்று நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அவரிடம் வேதியியல் படித்தவர்கள், விவசாயிகள், மளிகைக்கடைக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நடையெல்லாம் ஆட்கள். பாதிக்கு மேல் லூத்தரன்கள். பின்வரிசையில் இங்காவின் தங்கை, வாக்கரைப் பிடித்தபடி.

கிண்ண விளக்கை ஏற்றினோம். டேப்பைக் கதவுக் கதையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

ஐம்பத்தேழு வயது ஹால்வரின் குரல் இரும்புபோல வந்தது. பாதிரியாரை நடித்தார். டேப்பில் கூட்டம் சிரித்தது. அறையில் அன்று சிரித்தவர்களில் ஆறு பேர் இருந்தார்கள், அதே இடத்தில் மறுபடி சிரித்தார்கள். டேப்பில் பிரிசில்லா விக்கினாள், முன்வரிசையிலும் விக்கினாள். இங்காவின் தங்கை எழுந்து வெளியே போக முயன்றாள். ஆட்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் வாக்கர் நகரவில்லை. கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள்.

சிரிப்பின் நடுவில் நாடா தீர்ந்தது. டெக் ‘க்ளிக்’ என்றது. அது பழைய டெக், ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கத்தை ஓட்டும். கலந்துரையாடல் நடுவில் யாரும் எழுந்து டேப்பைத் திருப்ப வேண்டியிருக்கக் கூடாது என்று ஹால்வர்தான் இருபது வருஷத்துக்கு முன்பு தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தார். அந்த அமைப்பை இதுவரை யாரும் அணைத்ததில்லை.

இரைச்சல். ஓர் இருமல். பிறகு கிழட்டுக் குரல்:

“நண்பர்களே. ஒரு கதவுல நின்ன கதையை உங்ககிட்ட முன்ன ஒரு தடவை சொல்லியிருக்கேன். அதைத் திருத்திச் சொல்லணும்.”

தலைகள் நிமிர்ந்தன. இங்காவின் தங்கை திரும்பினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். செத்தபிறகு எந்தப் பக்கத்தைப் போடுவோம் என்று ஜனவரியிலேயே கணித்திருக்கிறார். வேறு டேப் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பதும் தெரிந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றாவது வரியில் கிழவர் நிற்பார். அங்கே நாற்பது விநாடி இடம் இருக்கிறது. இந்த நூற்று நாற்பது பேர் சும்மா இருக்க மாட்டார்கள், எடுத்துச் சொல்லி முடிப்பார்கள். அத்தனை குரலுக்கு நடுவில் பிரிசில்லாவின் வாயும் லைலின் வாயும் அசையாமல் இருக்க முடியாது.

அதற்குப் பிறகும் டேப் ஓடும். கலந்துரையாடல் வரும். அதில் என் கேள்வி வரும், என் குரலில்.

பிரிசில்லா என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் காட்டியிருக்க வேண்டியதில்லை. “இங்கா என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு,” என்றார் ஹால்வர். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

“டேப் தேஞ்சுபோச்சு,” என்றேன்.

ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தோம். கடிகாரம் பார்த்தது நான்தான். பிறகு பன்றி இறைச்சி வைத்த பன், அவனில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், காபி. பஸ் ஓட்டுபவர் தட்டோடு என்னிடம் வந்தார். “கடைசியில ஏதோ சொல்ல வந்தாரே, என்னது அது?”

“வேற பதிவு. கலந்துபோச்சு.”

“பாவம், ரொம்ப வயசான மாதிரி இருந்துச்சு குரலு.”

மணி அடித்தது. நாற்பது நிமிடம் கலந்துரையாடினோம். கடைசி மூச்சுவரை கொள்கை மாறாத மனிதர் என்று லைல் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். இங்காவின் தங்கை அதற்குள் போய்விட்டிருந்தாள்.

டேப்பை எண்பத்திரண்டு ஜனவரியின் இடத்திலேயே திரும்பச் செருகினேன். விதிப்படி எதையும் அழிக்கவில்லை. அட்டையில் மறுபக்கத்துக்கு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் ஞாயிறு, வௌவால்காரர் வந்தார். காய்ச்சலிலிருந்து தேறியிருந்தார். சாதுவான மனிதர், தாயும் குட்டியும் ஒன்றையொன்று குரலாலேயே அடையாளம் கண்டுகொள்வதைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காபிக்குப் பிறகு மணி அடித்ததும் வழக்கப்படி எல்லோரும் ஹால்வரின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

“ஆதாரம் என்ன?” என்று கேட்டேன்.